மூப்பர் சுவாமியை ஒளித்த இடம்

எங்கள் வீட்டு வாசலில் அந்த ஆமி ஒபிசர் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கியபோதே இது சோதனை இல்லை என்று எனக்கு விளங்கியது. சப்பாத்தோடு உள்ளே வருகிறவன் சோதனைக்கு வருகிறான். கட்டிலுக்குக் கீழே பார்ப்பான், அலுமாரியைத் திறப்பான், கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற குடும்பப் பட்டியலில் பெயர்களை எண்ணுவான், போய்விடுவான். அது எங்களுக்குப் பழகிப்போன காரியம். சப்பாத்தைக் கழற்றி வைக்கிறவன் இருந்து கதைக்க வருகிறான். அவனை என்ன செய்வது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு தை மாதம். செபஸ்தியார் நவநாளின் எட்டாம் நாள், காலை பத்து மணியிருக்கும். நான் வெங்காயம் உரித்த கையோடு குசினி வாசலில் நின்றேன். என் புருசன் லோறன்ஸ் சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு முன்னறைக்கு ஓடினார். வீட்டுக்குப் பின்னால் கருவாட்டுக் கொட்டிலில், சிப்பங்களுக்குக் கீழே, பலகைக்குக் கீழே, குழிக்குள் என் தம்பி யாகப்பு இருந்தான்.

அந்தக் குழியின் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். லோறன்ஸ் சொன்னால் முக்கால் மணித்தியாலம் எடுப்பார், இடையில் இரண்டு தரம் கண் கலங்குவார். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒல்லாந்தர் கற்பிட்டிக் கோட்டையில் இருந்த காலம். கத்தோலிக்க வேதக்காரர் தங்கள் வீட்டில் சுவாமிமாரை, அதுதான் குருமாரை, வைத்திருந்தால் தண்டனை. கோவாவிலிருந்து கள்ளமாக வந்த ஒரு சுவாமி, மரத்தில் செய்த முழ உயரச் செபஸ்தியார் சொரூபத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு எங்கள் ஊர் பூவரசங்குடாவில் வந்து இறங்கினாராம். லோறன்சின் பாட்டனுக்குப் பாட்டனுக்குப் பாட்டன், இன்னாசி மூப்பர் என்று பெயர், கருவாட்டுக் கொட்டிலில் உப்பு கொட்டி வைக்கிற குழிக்குள் சுவாமியை இறக்கி, மேலே பலகை போட்டு, அதன்மேல் கருவாட்டை அடுக்கினார். கோட்டையிலிருந்து வந்தவர்கள் வாசலில் நின்று மூன்று தரம் கேட்டார்கள்: “உள்ளுக்கு ஆர்?” இரண்டு தரம் மூப்பர் வாய் திறக்கவில்லை. மூன்றாம் தரம், “ஒருத்தரும் இல்லை, கருவாடு மட்டுந்தான்” என்றார். துரைமார் கொட்டில் வாசலோடு மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார்கள். ஆனாலும் சந்தேகத்துக்கு மூப்பரை மரத்தில் கட்டித் திருக்கைவால் சவுக்கால் இருபத்தொரு அடி அடித்தார்கள். அவர் சொல்லவில்லை. சுவாமி பதினேழு நாள் குழிக்குள் இருந்து, ஒரு வள்ளத்தில் ஏறித் தப்பிப்போனார். சொரூபத்தை மூப்பரிடம் விட்டுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து வருசாவருசம் நவநாள் ஒன்பது நாளும் அந்தச் சொரூபம் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கும். ஒன்பதாம் நாள் பின்னேரம் ஊரே மெழுகுதிரியோடு வாசலில் வந்து நிற்கும். கோயிலில் செபம் சொல்லிக் கொடுக்கிற அண்ணாவியார் கதவைத் தட்டி, “உள்ளுக்கு ஆர்?” என்று மூன்று தரம் கேட்பார். மூப்பர் பரம்பரையில் மூத்தவர் உள்ளே நின்று மூன்றாம் தரம் அதே பதிலைச் சொல்வார். சனம் சிரிக்கும், கை தட்டும், மணி அடிக்கும், கதவு திறக்கும். சொரூபம் முன்னால் போக, அந்த வீட்டுப் பெண் ஒரு கடகம் நிறையக் கருவாட்டோடு வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு துண்டு கொடுப்பாள். அதை வாங்கிக்கொண்டு போய்க் கறி வைத்தால் அந்த வருசம் கடலில் ஆபத்து இல்லை என்பது சனத்தின் நம்பிக்கை. பதினோரு வருசமாக அந்தப் பெண் நான்தான்.

நான் மன்னார்ப் பக்கம், பேசாலைப் பிள்ளை. கலியாணம் முடித்து இங்கே வந்த முதல் கிழமையிலேயே இந்தக் கதையை நாலு தரம் கேட்டுவிட்டேன். முன்னறைச் சுவரில் ஒரு திருக்கைவால் தொங்குகிறது, மூப்பரை அடித்தது அதுதானாம். அடித்தவன் அதை ஏன் விட்டுவிட்டுப் போனான் என்று ஒருநாள் கேட்டேன். லோறன்ஸ் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. நல்ல மனுசன், சொந்தமாக ஒரு வள்ளம், குடி இல்லை. ஆனால் மூப்பர் பட்ட அடிக்கு இவர் முதுகைத் தடவிக்கொள்வார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதில் எனக்கு ஒரு கவலை, அவருக்கு வேறொரு கவலை: தனக்குப் பிறகு கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொல்ல ஆள் இல்லையே என்று. இரண்டு வருசத்துக்கு முன் ஒரு பலகை வாங்கி, நீலப் பெயின்ற் அடித்து, ‘இன்னாசி மூப்பர் சுவாமியை ஒளித்த இடம்’ என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொட்டிலில் தெருவில் போகிறவர்களுக்குத் தெரிய ஒழுங்கையைப் பார்த்தாற்போல அறைந்தார். சிங்களத்தில் பிழை வரக்கூடாது என்று கோயில் ஃபாதரிடம் மூன்று தரம் போய் வந்தார்.

நவநாளின் மூன்றாம் நாள் யாகப்பு வந்தான். மீன் ஏற்றிவந்த வள்ளமொன்றில் ஐஸ் பெட்டிக்கு மேல் படுத்தபடி வந்து இறங்கினான். இருபத்தொன்பது வயது, எனக்குப் பிறகு பிறந்த ஒரே தம்பி. அவன் செய்த பாவம் வள்ளத்து எஞ்சின் திருத்தத் தெரிந்திருந்ததுதான். எஞ்சின் திருத்துகிறவன் புலிகளின் இயக்கத்துக்கும் தேவை. இயக்கத்துக்குத் திருத்திக் கொடுத்தானா என்று ஆமியும் தேடும். முன்னறையில் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, பாண் துண்டுகளைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தோய்த்துத் தின்றான். அரை இறாத்தல் முடிந்ததும்தான் நிமிர்ந்தான்.

“அக்கா, ரெண்டு பக்கமும் பேர் போயிட்டு. எங்க போறதெண்டு தெரியேல்ல,” என்றான்.

வீட்டில் யார் வந்து தங்கினாலும் ஆமி முகாமில் பதிய வேண்டும். மன்னார் விலாசம், இருபத்தொன்பது வயது, தொழில் எஞ்சின் திருத்துதல். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதும் அவனையே கொண்டுபோய்க் கொடுப்பதும் ஒன்றுதான். லோறன்ஸ் முற்றத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தார். பிறகு என்னைக் குசினிக்குக் கூப்பிட்டு, “டொறத்தி, பட்டியல்ல இல்லாத ஆள் வீட்டுல அம்பிட்டா என்ன நடக்கும் எண்டு தெரியுந்தானே. என்னையும் ஏத்துவாங்க,” என்றார்.

அப்போது நான் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

“ஓம், பயமாத்தான் இருக்கும். நீங்கள் ஒளிச்சு வைக்கிற பரம்பரையெல்லே. பதினோரு வருசமா அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு என்ர காது புளிச்சுப்போச்சு. இப்ப என்ர தம்பி எண்டவுடன கதை முடிஞ்சுதாக்கும்.”

மனுசன் முகம் சுருங்கிவிட்டது. முன்னறைக்குப் போய்ச் செபஸ்தியாரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மரத்தோடு கைகள் பின்னால் கட்டப்பட்டு, உடம்பெல்லாம் அம்பு தைத்து, அந்த முகத்தில் மட்டும் ஒரு நோவும் இல்லாமல் நிற்கிற சொரூபம் அது. பிறகு திரும்பி வந்தார். அவருடைய குரலே மாறியிருந்தது.

“மூப்பர் சுவாமிய வச்ச இடத்திலயே வைப்போம். முந்நூறு வருசம் ஒருத்தனும் கண்டுபிடிக்காத இடம்,” என்றார்.

எனக்கும் அது சரி என்றே பட்டது. பட்டது என்ன, பெருமையாகக்கூட இருந்தது. அன்று முதன்முறையாக அந்தக் கதை எனக்கும் சொந்தமானது போல இருந்தது. ஃபாதரிடம் போய்ச் சொன்னோம். திருநாள் முடிந்த மறுநாள் தன்னுடைய வானில் ஏற்றிக்கொண்டு போய் நீர்கொழும்பில் ஒரு மடத்தில் விடுவதாகவும், அங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரு வழி பார்க்கலாம் என்றும் சொன்னார். எட்டு நாள் கழிந்தால் போதும். பகலில் ஜீப் சத்தம் கேட்டால் யாகப்பு குழிக்குள் இறங்குவான், நானும் லோறன்சும் பலகையைப் போட்டுச் சிப்பம் அடுக்குவோம். மற்ற நேரம் கொட்டிலுக்குள்ளேயே இருந்து லோறன்சின் பழைய எஞ்சினைக் கழற்றிக் கழுவிப் பூட்டினான். “அத்தான், இந்த எஞ்சினுக்கும் மூப்பரின்ர வயசிருக்கும் போல,” என்று பகிடி விட்டானாம். லோறன்ஸ் அதை வந்து எனக்குச் சொல்லிச் சிரித்தார். வேறு யாராவது மூப்பரை வைத்துப் பகிடி விட்டிருந்தால் அன்றைக்குச் சண்டைதான். அந்த ஐந்து நாளும் என் புருசன் நிமிர்ந்து நடந்தார். நானும் அவரைப் பார்த்து ஆசைப்பட்டேன், பொய் சொல்லவில்லை.

எழுதி அறைந்த பலகையை நாங்கள் நினைக்கவேயில்லை. தினமும் கண்ணுக்கு முன்னால் தொங்குகிற பொருள் கண்ணில் படாது என்பார்களே, அதுதான். நீலப் பலகை ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே தொங்கியது. அதற்குப் பின்னால் என் தம்பி இருந்தான்.

ஒபிசர் வந்தது திருநாள் அனுமதிக்காக. வெளியூர்ச் சனம் வரும், ஊர்வலம் போகும், ஒலிபெருக்கி கட்டுவோம். வழக்கமாக முகாமில் ஒரு சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார்கள். இவர் புதிதாக வந்தவர், வழியைத் தானே பார்க்க வேண்டும் என்று புறப்பட்டுவிட்டார். கூட வந்த இரண்டு பேரும் துவக்கோடு பூவரச மரத்துக்குக் கீழே நின்றார்கள். அவர் வெறுங்காலோடு உள்ளே வந்து, தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சொரூபத்துக்கு முன்னால் முழந்தாளிட்டார். நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் சிலுவை போட்டார். முப்பது வயதுகூட இருக்காது.

“நான் சிலாபத்துக்கு அங்கால,” என்று தமிழிலேயே சொன்னார். “நம்ம பக்கமும் இவர்தான். நோய் வருத்தம் வந்தா இவர்கிட்டத்தான் ஓடுறது.” எழுந்து கதிரையில் உட்கார்ந்தார். “இந்தச் சொரூபம் எவ்வளவு காலம்?”

“பழசு சேர்,” என்றார் லோறன்ஸ்.

அதோடு நிறுத்தினார். அவர் அப்படிச் சுருக்கமாகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. அறைக்குள் சத்தமில்லை. அந்தச் சத்தமில்லாத நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் பின்பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றோம். ஒரு தும்மல் வந்தால் போதும், ஒரு பலகை அசைந்தால் போதும். லோறன்சால் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. எதையாவது கதைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். பாவம், மனுசனுக்கு ஒரே ஒரு கதைதான் தெரியும்.

“சேர், இது சும்மா சொரூபம் இல்ல. இது எங்கட பரம்பரைக் கதை,” என்று தொடங்கினார்.

நான் பிளேன்ரீ கொண்டுவந்தேன். பாதித் தமிழ், பாதிச் சிங்களத்தில் கதை போய்க்கொண்டிருந்தது. ஒல்லாந்தர் வந்தாயிற்று, சுவாமி வந்தாயிற்று. நான் அவருக்குப் பின்னால் போய் நின்று முதுகில் ஒரு குத்துக் குத்தினேன். அவருக்கு உறைக்கவில்லை. கோப்பையை வேண்டுமென்றே கைதவறவிட்டேன். அது உடைந்து தேத்தண்ணி ஒபிசரின் கால்வரைக்கும் ஓடியது. “பரவாயில்ல, பிறகு கூட்டு,” என்று சொல்லிவிட்டு லோறன்ஸ் கதையைத் தொடர்ந்தார். பயத்தில் அவருடைய குரல் இன்னும் நன்றாக வந்தது. மூப்பர் சுவாமியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற இடத்துக்கு வந்து சட்டென்று நின்றார். அப்போதுதான் தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று அவருக்கு விளங்கியது.

“பிறகு? எங்க ஒளிச்சார்?” ஒபிசர் முன்னால் சாய்ந்து கேட்டார்.

மூப்பரின் பேரன் ஒரே ஒரு பொய் சொல்ல வேண்டும். செபஸ்தியாரே, இந்த மனுசனுக்கு ஒரு பொய்யைக் கொடு என்று மன்றாடினேன். செபஸ்தியார் கொடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

“அது அந்தக் காலத்துக் கொட்டில் சேர். புயலுக்குப் போயிட்டு. இப்ப அங்க ஒண்டும் இல்ல,” என்றார் லோறன்ஸ்.

ஒபிசர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. “ஏன் ஒளிக்கிறீங்க? ஒழுங்கையில வரும்போது போர்ட் பார்த்தேனே. சிங்களத்திலயும் எழுதியிருக்கு. அதைப் பார்த்திட்டுத்தான் சப்பாத்தைக் கழட்டினேன்.” தொப்பியைக் கதிரையில் வைத்துவிட்டு எழுந்தார். “அந்த இடத்தில ஒரு செபம் சொல்லிட்டுப் போறேன். என் மகளுக்குக் காய்ச்சல், பத்து நாளா விடயில்லை.”

லோறன்ஸ் அவருக்கு முன்னால் போய் நின்றார். “அங்க சரியான நாத்தம் சேர். நிக்க ஏலாது.”

“எங்க அப்பாவும் கருவாடு போட்டவர்தான்,” என்றார் ஒபிசர். “எனக்கு இந்த மணம் பட்டா பசிக்கும்.”

ஒல்லாந்துத் துரைமார் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிய வாசலை அந்த ஒபிசர்ப் பிள்ளை வெறுங்காலோடு, தலையைக் குனிந்து, பக்தியாகக் கடந்து உள்ளே போனான். மரத்தடியில் நின்ற இரண்டு பேரும் பின்னால் வந்தார்கள். நானும் போனேன். கொட்டிலுக்குள் சிப்பங்கள், எஞ்சின் மூடி, ஒரு போத்தல் மண்ணெண்ணெய், யாகப்பு சாப்பிட்ட கோப்பை. “இதுக்குக் கீழயா?” என்று ஒபிசர் கேட்டார். லோறன்ஸ் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. அதை ஆமென்று எடுத்துக்கொண்டு ஒபிசர் தானே ஒரு சிப்பத்தைத் தூக்கினார். ஒபிசர் தூக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க மற்ற இரண்டு பேராலும் முடியுமா? ஓடிவந்து மிச்சத்தையும் தூக்கினார்கள். பலகையையும் அவர்கள்தான் தூக்கினார்கள். ஒபிசர் அதற்குள் முழந்தாளிட்டு, கண்ணை மூடி, விரலை நெற்றியில் வைத்துவிட்டார்.

கண்ணைத் திறந்தார். விரல் நெற்றியிலேயே நின்றது.

குழிக்குள் யாகப்பு குந்தியிருந்தான். மேலில் சட்டை இல்லை. முதுகு, தலைமயிர் எல்லாம் உப்பு. வெளிச்சம் பட்டதும் கண்ணைக் கூசிக்கொண்டு, நான்தான் சோறு கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ, சிரிப்பது போல நிமிர்ந்தான்.

“யார் இது?” என்றார் ஒபிசர். சத்தம் போடவில்லை. லோறன்ஸ் பேசவில்லை. “யார் இது?” என்று திரும்பவும் கேட்டார். மூன்றாம் தரம் கேட்கவிடாமல் நான் சொன்னேன்.

“என்ர தம்பி சேர். ஒரு குற்றமும் செய்யாதவன். எஞ்சின் திருத்துறவன். எங்களுக்கு ஆரும் இல்லை சேர்.”

அவர் என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தது போல இருந்தது. அந்தப் பார்வையை நான் எத்தனை தரம் எடுத்து எடுத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர் தனியாக வந்திருந்தால் பலகையை மூடிவிட்டுப் போயிருப்பார் என்று சில நாள் நினைப்பேன். இல்லை, போயிருக்கமாட்டார் என்று சில நாள். ஆனால் அவர் தனியாக வரவில்லை. பின்னால் இரண்டு பேர் நின்றார்கள், துவக்கு ஏற்கெனவே நீண்டுவிட்டது. அவர் எழுந்து முழங்காலில் ஒட்டிய உப்பைத் தட்டினார். பிறகு அவருடைய குரல் முகாமின் குரலாக மாறிவிட்டது.

கொட்டிலில் கிடந்த தூண்டில் கயிற்றால் யாகப்புவின் கையைப் பின்னால் கட்டினார்கள். அவன் அழவில்லை. “அக்கா, சாரம் முழுக்கக் கருவாட்டு வெடில். மாத்திக்கொண்டு வரலாமோ எண்டு கேள்,” என்று மெல்லச் சொன்னான். நாலு பேருக்கு முன்னால் நாறிக்கொண்டு போக அவனுக்கு வெட்கம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், கிறீஸ் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சாப்பிட உட்காரமாட்டான். நான் கேட்டேன். அவனை ஜீப்பில் தள்ளி ஏற்றினார்கள். லோறன்ஸ் ஜீப்பில் தானும் ஏறப்போனார். தள்ளிவிட்டார்கள். ஒபிசர் வாசலில் உட்கார்ந்து சப்பாத்து நாடாவைக் கட்டினார். ஒரே முடிச்சை இரண்டு தரம் போட்டார். அதையும் பார்த்தேன். பார்த்து என்ன செய்ய?

பின்னேரம் முகாம் வாசலில் நின்றோம். விசாரித்துவிட்டு விடுவார்கள் என்று சொன்னார்கள். இருட்டுகிற நேரம் பாலாவிப் பெரிய முகாமுக்கு அனுப்பியாயிற்று என்றார்கள். மறுநாள் விடிய, மீன் லொறி ஓட்டுகிற மஸாஹிரைப் பிடித்தோம். மஸாஹிரும் மன்னார்தான். தொண்ணூறில் சோனகரை, அதுதான் முஸ்லிம் சனத்தையெல்லாம், இயக்கம் ஊரைவிட்டு அனுப்பியபோது குடும்பத்தோடு வந்து கரைத்தீவில் ஓலைக் குடிசை போட்டவர். யாகப்புவைத் தெரியும், அவருடைய வாப்பாவின் வள்ளத்து எஞ்சினை யாகப்பு திருத்தியிருக்கிறான். பாலாவியில் அப்படி ஒரு ஆள் வரவேயில்லை என்றார்கள். புத்தளத்தில் பெயரை எழுதிக் கேட்டு, ஒரு பெரிய புத்தகத்தைப் புரட்டி, இல்லை என்றார்கள். எங்கள் வீட்டுக்கு நேற்று வந்த ஒபிசரைப் பார்க்க வேண்டும் என்றேன். லீவு என்றார்கள். ஃபாதரும் தன் பங்குக்குத் தொலைபேசியில் யார் யாரையோ கேட்டார். எல்லாக் கதவும் மரியாதையாகத்தான் மூடின.

திரும்பி வருகிற வழியில் உப்பளத்தைத் தாண்டும்வரை மஸாஹிர் லொறியை வேகமாக ஓட்டினார். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“கோவிக்காதீங்க தங்கச்சி. எங்களைப் போகச் சொன்ன அண்டைக்கு, எங்க வாப்பாவை ஒளிச்சு வைங்க எண்டு உங்க வீட்டுல வந்து கேட்டிருந்தா, வச்சிருப்பீங்களா?”

வைத்திருப்போம் என்று சொல்ல வாய் வந்தது. பேசாலையில் எங்கள் வீட்டு வாசற்படலை அன்றைக்கு மூடித்தான் இருந்தது என்று கடிதத்தில் யாகப்புவே எழுதியிருந்தான். நான் வெளியே பார்த்துக்கொண்டு இருந்தேன். மஸாஹிர் எங்களை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து இறக்கி, லோறன்சின் தோளில் கை வைத்து, “அல்லாஹ் ஒரு வழி காட்டுவான் நானா,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு ஒன்பதாம் நாள். லோறன்ஸ் கொட்டிலுக்குப் போய் நீலப் பலகையைப் பிடுங்கினார். அதைக் கோடாலியால் கொத்துவார் என்று நினைத்தேன். கொத்தவில்லை. குழிக்குள் எழுத்து கீழே இருக்கிற மாதிரிப் போட்டுவிட்டு வந்து, முன்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நான் அவரைத் திட்டவில்லை. ஊரில் எல்லோரும் என்னைப் பற்றிச் சொல்வது வாய்க்காரி என்று. இந்த மனுசனை உசுப்பேற்றிவிட்டது நான். கதையைச் சொன்னது அவர். யாரை யார் திட்டுவது?

நாலு மணிக்கு ஃபாதர் வந்தார். “இந்த வருசம் கேள்வி ஒண்டும் வேண்டாம். நேரா வந்து சொரூபத்தை எடுத்துக்கொண்டு போவோம்,” என்றார். கூட வந்த அண்ணாவியார் வின்சன்ட் துவாயைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். வயசான மனுசர். “நீங்க சொன்னாச் சரி ஃபாதர். ஆனா சனம்… மாரிக் கடல், பெடியன்மார் கடலுக்குப் போகவேணும். கேள்வி கேளாத வருசம் ஒண்டு இருந்ததில்ல,” என்றார். எல்லோரும் லோறன்சைப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பார்த்தார்.

“கேக்கட்டும்,” என்றேன் நான்.

பொழுது சாய்ந்தது. கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்றோம். நான், லோறன்ஸ், செபஸ்தியார், கடகம் நிறையக் கட்டாமீன் கருவாடு. அது அந்தக் குழிக்கு மேல் இருந்த சிப்பத்துக் கருவாடுதான், வேறு எங்கே போவது. வெளியே செருப்புச் சத்தம், செபமாலைச் சத்தம், குழந்தைகளை அதட்டுகிற சத்தம். கதவு இடுக்கால் மெழுகுதிரி வெளிச்சம் நிலத்தில் கோடாக விழுந்தது. அண்ணாவியார் கதவைத் தட்டினார்.

“உள்ளுக்கு ஆர்?”

முதல் தரம் பதில் இல்லை, அது வழக்கம். இரண்டாம் தரமும் கேட்டார். இரண்டாம் தரமும் வழக்கப்படி பதில் இல்லை. லோறன்ஸ் சொரூபத்தின் பீடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாம் தரம் கேட்டார். அண்ணாவியாரின் குரல் உடைந்திருந்தது. லோறன்ஸ் என்னைப் பார்த்துத் தலையை இல்லை, இல்லை என்று ஆட்டினார். கண்ணீர் தாடையால் வழிந்தது.

நான் கதவுக்குக் கிட்டப் போனேன். பரம்பரையில் பிறக்காத ஒருத்தி, அதிலும் பெண், அந்தப் பதிலைச் சொன்னது கிடையாது.

“ஒருத்தரும் இல்லை,” என்றேன். சொல்லும்போதே குழி கண்ணுக்குள் வந்தது. மூடியிருந்த பலகை இல்லாமல், அவன் குந்தியிருந்த உப்புத் தடத்தோடு. “கருவாடு மட்டுந்தான்.”

சனம் சிரிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, எங்கேயோ பின்னாலிருந்து ஒரு சின்னப் பிள்ளை மட்டும் வழக்கம்போலக் கை தட்டியது. யாரோ அதன் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். மணி அடித்தது. கதவைத் திறந்தோம். ஃபாதரும் வின்சன்டும் லோறன்சும் சொரூபத்தைப் பீடத்தோடு தூக்கினார்கள். நான் கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். ஒவ்வொருவராக வந்தார்கள். என் கண்ணைப் பார்க்காமல் கையைப் பார்த்து வாங்கிக்கொண்டு போனார்கள். நானும் கைகளைத்தான் பார்த்தேன். காய்த்துப்போன கை, மருதாணி போட்ட கை, மெழுகு வழிந்த கை. என் கை பாட்டுக்கு எடுத்து எடுத்துக் கொடுத்தது.

பிறகு ஒரு கை வந்தது. சுத்தமான நகம், வெள்ளைச் சட்டையின் கை முழங்கைவரை மடித்திருந்தது. மற்றக் கையில் ஒரு சிறுமியைத் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தார். கம்பளிக் குல்லாவுக்குள் பிள்ளையின் முகம் காய்ச்சலில் சிவந்திருந்தது. அவருடைய காலில் சப்பாத்து இல்லை.

“என்ர தம்பி எங்க?” என்றேன்.

அந்த ஒபிசர் பிள்ளையை இறுக்கிப் பிடித்தார். “நான் அடுத்த இடத்துக்குக் கொடுத்தேன். அதுக்குப் பிறகு எனக்குத் தெரியாது அக்கா. சத்தியமா எனக்குத் தெரியாது,” என்றார். அக்கா என்றார்.

பின்னால் சனம் நெருக்கியது. சொரூபம் ஒழுங்கை முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. பிள்ளை கண்ணைத் திறந்து கடகத்தைப் பார்த்தாள். கருவாட்டுத் துண்டு என் விரல்களுக்கிடையில் இருந்தது, உப்புப் படிந்து, அந்த வாசனையோடு. அவர் போகவில்லை. நீட்டிய கையையும் இழுத்துக்கொள்ளவில்லை.